வட்டத்தில் நடந்த வீரர்

உலகப் பெரியோர் வரலாறுகள் பிறந்த நாளில் தொடங்குவதே வழக்கம். நான் இங்கு எழுதப் புகும் பெரியவரின் வரலாற்றையோ அவர் இறந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 1882-ஆம் ஆண்டில், சீனத் தலைநகராகிய பீகிங்கில், அதாவது இன்றைய பெய்ஜிங்கில், அவர் மறைந்தார். மறு ஆண்டே அவருடைய மாணவர்கள் ஒன்றுகூடி, நகரின் கிழக்கு வாயிலுக்கு வெளியே இருந்த அவர் கல்லறையில் ஒரு கல்வெட்டை நாட்டினார்கள். அவரைப் பற்றி இன்று நாம் உறுதியாக அறிபவற்றுள் பெரும்பகுதி அந்தக் கல்லிலிருந்து வந்ததே. அவருக்குப் பெற்ற பிள்ளை இல்லை. அடக்கம் செய்யவும் கல் நாட்டவும் மாணவரே பிள்ளைகளாயினர்.

அந்தப் பெரியவர் தோங் ஹைச்சுவான். பாகுவா சாங் என்னும் சீனப் போர்க்கலையின் முதல் ஆசான் இவர். பாகுவா என்றால் எட்டுக் குறிகள் என்று பொருள். முழுக்கோடும் முறிகோடுமாக மூன்று மூன்று கோடுகளை அடுக்கிச் சீனர் பண்டைக் காலத்தில் வகுத்த எட்டு வடிவங்கள் அவை. சாங் என்றால் உள்ளங்கை. முஷ்டியை மடக்கிக் குத்துவதைவிட, விரித்த கையால் துளைத்தும் தள்ளியும் சுழற்றியும் பொருதுவது இக்கலை. தைச்சி, சிங்யி, பாகுவா ஆகிய மூன்றையும் அகவழிக் கலைகள் என ஒரே குடும்பமாகச் சேர்த்துச் சொல்வர். எதிரியின் வலிமையோடு முட்டி மோதாமல், உடல் முழுவதையும் ஒரே இயக்கமாக இணைத்து, அவ்வலிமையைத் திசை திருப்புவது இம்மூன்றுக்கும் பொதுவான நோக்கம். இவற்றுள் சிங்யி நேர்கோட்டில் பாய்ந்து செல்லும். பாகுவாவோ வட்டமிடும். இதைக் கற்கப் புகும் மாணவன் பல ஆண்டுகள் ஒரு வட்டத்தின் விளிம்பில் நடந்துகொண்டே இருப்பான்.

நான் பௌதிகம் பயிலும் மாணவன்; மல்லன் அல்லன். எனினும் இம்மனிதரின் வரலாறு என்னை ஈர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு என்று பள்ளியில் படித்தோம். அடிக்க வருபவன் அந்தக் குறுகிய வழியில் வருகிறான். அவனுக்கு எதிரே நிற்பவன் சுற்று வழியில் நடந்தால் அடி வாங்கி விழவேண்டியதுதானே? ஆனால் தோங் விழவில்லை. மல்லர்களுக்குப் பஞ்சமில்லாத ஒரு தலைநகரில், ஏற்கெனவே பேர் பெற்ற வீரர்களே அவரைத் தேடி வந்து மாணவரானார்கள். இது எங்ஙனம் இயன்றது? அவர் வாழ்க்கையும் அவர் நடந்த வட்டமும் சேர்ந்தே இதற்கு விடை சொல்லும்.

கிராமத்திலிருந்து தலைநகருக்கு

பெய்ஜிங்குக்குத் தெற்கே ஹெபெய் மாநிலத்தில் வென்ஆன் என்பது ஒரு வட்டாரம். அங்கு சூஜியாவூ என்னும் சிற்றூரில் தோங் பிறந்தார். பிறந்த ஆண்டு 1797 என்பாரும் 1813 என்பாரும் உளர். உழவர் மிகுந்த அந்தப் பகுதியில் குத்துச்சண்டையும் மல்லும் ஊருக்கு ஊர் பயின்ற கலைகள். இளமையிலேயே அவர் அவற்றில் தேர்ந்தார் என்று கொள்வதில் தடையில்லை.

பிறகு அவர் ஊரை விட்டு வெளியேறினார். நாடெங்கும் அலைந்து திரிந்தார். அந்த அலைச்சலில் தாவோ மதத் துறவி ஒருவரைச் சந்தித்துப் போர்க்கலை பயின்றார் என்பது கல்வெட்டுச் செய்தி. துறவியின் பெயர் அதில் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் கதைகள் வளர்வது எல்லா நாட்டுக்கும் பொது. மலைக் குகையில் வாழ்ந்த முனிவர் என்றும், வயது கணக்கிட முடியாத சித்தர் என்றும் பின்வந்தோர் அவரை வளர்த்துக்கொண்டே போனார்கள்.

1980-களின் தொடக்கத்தில் காங் கெவூ என்னும் சீன ஆராய்ச்சியாளர் இக்கதைகளை ஒதுக்கிவிட்டு, ஊர் ஊராகச் சென்று சான்றுகளைத் திரட்டினார். அவர் கண்ட முடிவு எளியது. ஆனால் கதைகளைவிட வியப்பானது. தாவோ மதத்தின் ஒரு பிரிவினர் மன ஒருமைக்காக மந்திரம் சொல்லியபடியே வட்டமாக நடப்பது வழக்கம். அது வழிபாட்டு நடை. சண்டைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. தோங் அந்த நடையைக் கற்றார். அதனோடு தாம் ஊரில் பயின்ற அடிமுறைகளைப் பொருத்தினார். அந்தச் சேர்க்கையில் பிறந்ததே புதிய கலை. தொடக்கத்தில் அதற்குப் பாகுவா என்ற பெயரும் இல்லை. சுழலும் கை என்றே அதை வழங்கினர். எட்டுக் குறிகளின் தத்துவம் பின்னர் வந்து சேர்ந்த ஆடை.

கோயிலை வலம் வந்து வளர்ந்த நமக்கு, வட்ட நடை மனத்தை அடக்கும் என்பது புதுச் செய்தி அன்று. அந்த நடைக்குள் ஒரு போர் முறை ஒளிந்திருப்பதைக் கண்டுகொள்ள ஒரு தனிக் கண் வேண்டும். தோங்கின் பெருமை அந்தக் கண்ணில் இருக்கிறது.

இளவரசர் மாளிகையில்

நடு வயதில் தோங் தலைநகருக்கு வந்து அண்ணகராக, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளராக ஆனார். கல்வெட்டே இதைக் குறிக்கிறது. வலிமையும் வீரமும் உடைய ஒருவர், குடும்ப வாழ்வையே விலையாகக் கொடுத்து இப்பணியை ஏன் ஏற்றார்? குற்றத்துக்கு அஞ்சி ஒளிந்தார் என்பது ஒரு கதை. மஞ்சு ஆட்சியைக் கவிழ்க்க எழுந்த தைப்பிங் புரட்சியாளரின் ஒற்றராக நுழைந்தார் என்பது இன்னொரு கதை. இவற்றுக்கு ஆதாரம் கிடையாது. அன்றைய சீனத்தில் ஏழை வீட்டு ஆடவர் பலர் வயிற்றுக்காகவே அந்தக் கத்தியை ஏற்றார்கள் என்பது மட்டும் வரலாறு அறிந்த உண்மை.

அவர் பணி செய்த இடம் மஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த சூ இளவரசரின் மாளிகை. அங்கு அவர் ஒரு வேலைக்காரர். அவர் திறமை வெளிப்பட்ட விதம் பற்றிக் கதை ஒன்று உண்டு. மாளிகையில் ஒரு நாள் பெரிய விருந்து. கூட்டம் நெருக்கியடித்தது. தேநீர் கொண்டு செல்லும் ஆட்கள் வழி கிடைக்காமல் திண்டாடினர். தோங் மட்டும் தட்டை ஏந்தியபடி, ஒருவர்மேலும் இடிக்காமல், ஒரு துளியும் சிந்தாமல், நெளிந்தும் சுழன்றும் கூட்டத்துக்குள் போய் வந்தார். அதைக் கண்ட இளவரசர் அவரை அழைத்து விசாரித்து, கலையைச் செய்து காட்டச் சொன்னார். பின்னர் மாளிகைக் காவலர்க்குப் பயிற்சி தரும் பொறுப்பையும் அளித்தார்.

கதை நடந்ததோ இல்லையோ, அதைப் புனைந்தவர் கலையை நன்கு அறிந்தவர். கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு போகலாம், தேநீர் சிந்திவிடும். காத்து நிற்கலாம்; தேநீர் ஆறிவிடும். இடுக்கு எங்கே உண்டோ அங்கே உடலைத் திருப்பி நுழைந்து, அது மூடுமுன் வெளியேற வேண்டும். கையில் உள்ளது சிந்தக்கூடாது என்றால் இடுப்பு மேலும் கீழும் ஆடக்கூடாது. பாகுவா நடையின் இலக்கணம் முழுவதும் இந்தத் தேநீர்த் தட்டில் அடங்கிவிடுகிறது.

வட்டத்தின் நுட்பம்

இனி அந்த நடையை ஆராய்வோம். பாகுவா மாணவன் முழங்காலைச் சற்று மடித்து, எட்டு அடிகளில் ஒரு சுற்று முடியுமாறு வட்டமாக நடக்கிறான். கால்கள் வட்டத்தின் விளிம்பில் செல்லும். இடுப்புக்கு மேற்பட்ட உடலும் நீட்டிய கைகளும் வட்டத்தின் மையத்தை நோக்கித் திரும்பியிருக்கும். பார்வை முன்கையின் சுட்டுவிரல் வழியே மையத்தில் நிற்கும். ஈரத் துணியைப் பிழியும்போது மேல் முனை ஒரு பக்கமும் கீழ் முனை மறு பக்கமும் முறுகுவது போல, உடல் எப்போதும் ஒரு முறுக்கிலேயே இருக்கும். அந்த முறுக்கு அவிழும்போது எழும் வேகம், காலிலிருந்து இடுப்பு வழியாகக் கையை வந்து சேரும். கை தனித்து அடிப்பதில்லை.

பாதம் வைக்கும் முறை விசித்திரமானது. சேற்றில் நடப்பவன் காலை வீசி எறிய மாட்டான். பாதத்தைத் தரைக்கு இணையாக, சற்றே மேலே, வழுக்கிக்கொண்டு போவது போல் முன்னே வைத்து, தரை தாங்கும் என்று தெரிந்த பிறகே எடையை அதன்மேல் மாற்றுவான். பாகுவா நடையும் அப்படியே. நாம் சாதாரணமாக நடக்கும்போது, ஒவ்வோர் அடியிலும் முன்னோக்கி விழத் தொடங்கி, முன்காலால் அந்த வீழ்ச்சியைத் தடுக்கிறோம். அந்தக் கணத்தில் ஒருவன் நம் முன்காலைத் தட்டிவிட்டால் விழுவது உறுதி. சேற்று நடையில் நம் ஈர்ப்பு மையம் பின்காலின்மேலேயே நெடுநேரம் நிற்கிறது. முன்காலைத் தட்டினாலும் உடல் விழாது. அந்தக் காலையே திசை மாற்றி வேறிடத்தில் வைக்கலாம்.

திரும்புவதற்கு இரண்டு அடிகள் உண்டு. ஒன்றில் பாதத்தின் முனை உள்ளே வளைந்து, இரு கால் பெருவிரல்களும் ஒன்றையொன்று நோக்கும். மற்றதில் பாதத்தின் முனை வெளியே திறந்து விரியும். இந்த இரண்டையும் மாறி மாறி வைத்தால் இரண்டு மூன்று அடிகளில் முன்னே பார்த்தவன் பின்னே பார்த்து நிற்பான். உள்வளைந்த அடிக்கு இன்னொரு பயனும் உண்டு. எதிரியின் குதிகாலுக்குப் பின்னே அதைக் கொக்கி போல் வைத்துவிட்டு மார்பில் ஒரு சிறு தள்ளு தள்ளினால் போதும். பின்வாங்கக் காலை எடுக்க முடியாமல் அவன் மல்லாந்து விழுவான்.

இப்போது நேர்கோட்டுக்காரனிடம் வருவோம். ஒருவன் குத்த ஓடி வருகிறான். அவன் எடை முழுவதும் ஒரே திசையில் பாய்கிறது. பாயும் பொருள் தானாகத் திசை மாறாது. அதை மாற்ற விசை வேண்டும், நேரமும் வேண்டும். இதைச் சடத்துவம் என்று படித்தோம். எதிரே நிற்பவன் அந்தப் பாய்ச்சலை நிறுத்த முயன்றால், வந்தவனுக்குச் சமமான வலிமை அவனுக்கும் தேவை. அவன் அரை அடி பக்கவாட்டில் விலகி, வரும் முன்கையை வெளிப்புறத்திலிருந்து தொட்டபடியே சுழன்றால், குத்து தான் போகும் வழியிலேயே போய்விடும். அவனோ எதிரியின் விலாப்புறத்தில் நிற்பான். அங்கிருந்து பார்த்தால் எதிரியின் அருகிலுள்ள கை ஒன்றுதான் அபாயம்; மறு கையை அவன் உடலே மறைத்து நிற்கிறது. அவன் திரும்பிக் கால்களைச் சரிசெய்துகொள்ளும் அந்த நொடியில் அவனுக்கு நிலை இல்லை. அடி விழவேண்டிய நேரம் அதுவே.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. பௌதிக மாணவன் எவனும் கேட்கக்கூடியது. மையத்தில் நிற்பவன் நின்ற இடத்தில் திரும்பினால் போதும். சுற்றி வருபவனோ பரிதி முழுவதும் நடக்க வேண்டும். களைப்பு யாருக்கு? இதைச் சோதிக்க நானும் என் அறை நண்பரும் விடுதி மொட்டை மாடியில் சுண்ணக்கட்டியால் இரண்டு வட்டங்கள் வரைந்தோம். ஒன்றின் ஆரம் 2 மீட்டர்; மற்றதன் ஆரம் அரை மீட்டர். நண்பர் மையத்தில் நின்றார், நான் சுற்றினேன். பெரிய வட்டத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது; அவர் சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். சிறிய வட்டத்தில் நிலைமை தலைகீழாயிற்று. மூன்றாம் அடியில் அவர் என்னைத் தேடத் தொடங்கினார்.

கணக்கும் இதையே சொல்கிறது. என் ஓர் அடியின் நீளம் 75 சென்டிமீட்டர் என்று வைப்போம். 2 மீட்டர் ஆரத்தில் அந்த ஓர் அடி மையத்தில் சுமார் 21 பாகைக் கோணத்தைத்தான் கடக்கும். அரை மீட்டர் ஆரத்தில் அதே அடி சுமார் 86 பாகையைக் கடக்கும். அது ஏறக்குறைய ஒரு செங்கோணம். ஆகவே ஒரே அடியில் எதிரியின் முன்புறத்திலிருந்து விலாப்புறத்துக்கு வந்துவிடலாம். ஆனால் அவனை ஒட்டி நெருங்கியிருந்தால் மட்டுமே வரலாம். தூரத்திலிருந்து ஒருவனைச் சுற்றிச் சுற்றி ஓடுவது சண்டையில் பயன்படாது. பெரிய வட்டம் பயிற்சிக்கு உரியது; சண்டையில் வருவது அதன் ஒரு துண்டு வில், இரண்டு அல்லது மூன்று அடி. எந்தக் கணத்திலும், எந்தக் காலிலிருந்தும், எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய உடலை உருவாக்கவே அத்தனை ஆண்டு நடை.

நெருங்கிய பிறகு இன்னொரு மாற்றம் நிகழ்கிறது. எதிரியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு வெளிவிரிந்த அடியில் சுழன்றால், இப்போது மையம் நானாகிறேன். விளிம்பில் ஓடுபவன் அவனாகிறான். வட்டத்தில் செல்லும் எதையும் மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று இருந்தே தீரவேண்டும். கவணில் கட்டிய கல்லுக்கு அதைக் கயிறு தருகிறது. எதிரிக்கு அதைத் தருவது என் பிடியும் அவன் கால்களும். அவன் கால்கள் அதற்கு ஆயத்தமாக இல்லாதபோது நான் பிடியை விட்டால், கவண் கல் போல் அவன் வெளியே போய் விழுவான். சற்று முன்பு நான் கேட்ட ஆட்சேபத்தை அவனே உடலால் அனுபவிப்பான்.

பலர் சேர்ந்து தாக்கும்போது வட்ட நடையின் பயன் இன்னும் தெளிவாகிறது. சுவரோரம் நின்றால் நால்வரும் ஒரே நேரத்தில் அடிப்பர். இடைவிடாமல் வளைந்து நகர்பவன், ஒருவனை மற்றவர்களுக்குக் குறுக்கே நிறுத்திக்கொண்டே போகலாம். அவர்களுள் முன்னிற்பவன் பின்னிற்பவனுக்குத் தடையாகிறான். தோங் பெருஞ்சுவருக்கு அப்பால் சென்றிருந்தபோது, ஆயுதம் தாங்கிய பலர் சூழ்ந்து தாக்க, நாற்புறமும் திரும்பிச் சூறைக்காற்றைப் போல் அவர்களைச் சமாளித்தார் என்ற செய்தி வழிவழியாக வருகிறது. மாளிகைக் காவலருக்கு இத்தகைய கலையே தேவை. ஓர் எதிரியை வென்று மேடையில் பரிசு வாங்குவது அவர்கள் வேலை அன்று. இளவரசரைச் சூழ்ந்து பலர் வரும்போது சமாளிப்பதே வேலை.

ஆசானும் மாணவரும்

தோங் தம் கலையை வெளிப்படையாகக் கற்பித்தது வாழ்வின் பிற்பகுதியில்தான். புதியவர்களுக்கு அவர் அகரம் சொல்லித் தரவில்லை என்பர். வேறு கலைகளில் முன்பே தேர்ந்தவர்களையே ஏற்றார். அவரவர் கொண்டுவந்த திறமையை அழிக்காமல், அதன்மேல் வட்ட நடையையும் கை மாற்றத்தையும் பொருத்தினார்.

இதன் விளைவை இன்றும் காணலாம். அவருடைய முதல் மாணவர்களுள் ஒருவர் யின் ஃபூ. மெலிந்த உடலினர்; ஒல்லி யின் என்பதே அவருக்குப் பட்டப்பெயர். குத்தும் உதையும் நிறைந்த கலையை முன்பே பயின்றவர். அவர் வழியில் வரும் பாகுவாவில் விரல்கள் ஒன்றுசேர்ந்து மாட்டின் நாக்கைப் போல் நீண்டிருக்கும். அந்தக் கை துளைக்கும், வெட்டும். செங் திங்ஹுவா என்பவரோ மல்யுத்தம் தெரிந்தவர். அவர் வழியில் விரல்கள் டிராகனின் நகம் போல் விரிந்திருக்கும். அந்தக் கை பற்றும், சுழற்றும், எறியும். இரண்டையும் பார்ப்பவன் இரு வேறு கலைகள் என்றே எண்ணுவான். ஆசான் ஒருவரே, வட்டமும் ஒன்றே. மாணவன் எவனும் தம் நகலாக வேண்டும் என்று தோங் விரும்பவில்லை.

அந்த மாணவர்கள் யார்? செங் கண்ணாடிக் கடை வைத்துப் பிழைத்தவர். ஊர் அவரைக் கண்ணாடிச் செங் என்றே அழைத்தது. மா வெய்ச்சி நிலக்கரி விற்றவர். அவர் நிலக்கரி மா. லியாங் ஜென்பூ பழைய துணி வியாபாரக் குடும்பத்தவர். அவர் பழந்துணி லியாங். யின்னும் செங்கும் ஹெபெய் நாட்டுப்புறத்தில் பிறந்து, பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்தவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து, விடுதியிலும் வாடகை அறையிலும் வாழும் நமக்கு இவர்களைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. தொழில் நடக்கும் இடத்தில் ஒரு பெயர், சொந்த ஊரில் ஒரு பெயர். இரண்டுக்கும் நடுவே தாம் யார் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. மாலை வேளையில் ஓர் அண்ணகர் முன் அவர்கள் நடந்த வட்டம் அதை அவர்களுக்குத் தந்தது. பெற்ற பிள்ளை இல்லாதவராகிய தோங், அவர்களுக்கு ஒரு குலத்தைத் தந்தார். ஒரே ஆசானிடம் பயின்றோர் தம்முள் அண்ணன் தம்பி என்று அழைத்துக்கொள்வது சீன மரபு.

கலைகளுக்கு இடையே பகை வளர்ப்பதும் அவர்கள் வழக்கமாகவில்லை. சிங்யி வீரர் குவோ யுன்ஷென்னோடு தோங் மூன்று நாள் பொருது முடிவில் நண்பரானார் என்று ஒரு கதை உண்டு. காங் கெவூவின் ஆராய்ச்சியில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. சண்டை கதையாக இருக்கலாம், நட்பு உண்மை. 1894-ல் செங் திங்ஹுவாவும், பாகுவா வீரர் லியூ தெகுவானும், சிங்யி வீரர் லி சுன்யியும் பிறரும் கூடி, மூன்று அகவழிக் கலைகளும் ஒரே குடும்பம் என்றும் மாணவர் தடையின்றி மாறிப் பயிலலாம் என்றும் முடிவு செய்தார்கள். நெருங்கி வந்தால்தான் வட்டம் பயன்படும் என்பதைக் களத்தில் கற்றவர்கள், வாழ்விலும் அதைக் கைக்கொண்டார்கள்.

துப்பாக்கியின் முன்

பெருமையை மட்டும் சொல்லி முடித்தால் வரலாறு ஆகாது. 1900-ஆம் ஆண்டில் வடசீனத்தில் குத்துச்சண்டைக்காரர் கலகம் மூண்டது. மந்திரமும் உடற்பயிற்சியும் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என்று நம்பிய இளைஞர் பல்லாயிரவர் அந்நியரை எதிர்த்து எழுந்தனர். எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் புகுந்து சூறையாடின. அந்நாளில் கண்ணாடிச் செங் தலைநகரில் இருந்தார். அந்நியப் படைவீரரின் துப்பாக்கிக்கு அவர் பலியானார். வயது 52.

அவருடைய சாவைப் பற்றியும் வீரக் கதைகள் பல உள்ளன. அவற்றை நான் எழுதப் போவதில்லை. பௌதிகம் அறிந்தவனுக்கு விடை தெரியும். குண்டு வரும் கோட்டிலிருந்து விலக எந்த நடையும் போதாது. முஷ்டியின் வேகத்துக்கு அளவெடுத்துத் தைத்த கலை, குண்டின் வேகத்துக்குப் பொருந்தாது. அறிவியலைப் புறக்கணித்த ஒரு நாடு, தன் மிகச் சிறந்த மக்களை அந்த வேகத்தின் முன் வெறுங்கையோடு நிறுத்தியது. செங்கின் திறமையில் குறை காண்பதற்கில்லை. அவரை ஆண்டவர்களின் கண்மூடித்தனமே அதற்குப் பொறுப்பு.

அப்படியானால் அந்தக் கலை வீணா? செங் இறந்தார், அவரிடம் பயின்ற சுன் லூதாங் இருந்தார். சிங்யியும் பாகுவாவும் பயின்று, பின்னர் தைச்சியும் கற்ற அவர், 1916-ல் பாகுவாவைப் பற்றி ஒரு நூலை அச்சிட்டு வெளியிட்டார். ஆசான் வாயிலிருந்து மாணவன் காதுக்கு மட்டும் வந்த கலை, காசு கொடுத்து வாங்கும் எவருக்கும் உரியதாயிற்று. குண்டை வெல்வது இனி அதன் வேலை அன்று. நலிந்த உடலைத் திருத்துவதும், சிதறும் மனத்தை ஒருமுகமாக்குவதும், எளியவன் தன்னைக் காத்துக்கொள்ளச் சிறிது வழி காட்டுவதும் அதன் வேலை என்று அவர் காலத்தவர் உணர்ந்துகொண்டனர். கோயில் நடை போர் நடையாகி, மறுபடியும் மனத்தையும் உடலையும் பேணும் நடையாயிற்று. அதுவும் ஒரு வட்டம் தானே!

கல்லும் கலையும்

இனி அந்தக் கல்லறைக்கு வருவோம். 1883-ல் நாட்டிய கல்லோடு, 1930-லும் கற்கள் நாட்டப்பட்டன. 1966-ல் சீனத்தில் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியின்போது பழமை எல்லாம் குற்றமாயிற்று. கல்லறை அடையாளம் இழந்தது. கற்கள் மண்ணுக்குள் போயின. பழங்கலை பயில்வதும் பயிற்றுவதும் அக்காலத்தில் ஆபத்தாக இருந்தது.

1980-களின் தொடக்கத்தில் சிலர் மண்வெட்டியோடு அந்த இடத்துக்கு வந்தார்கள். கல் எங்கே கிடக்கிறது என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். முன்னின்று நடத்தியவர் லி ஜிமிங். 1902-ல் பிறந்த அவர் அப்போது முதியவர். அவருடைய ஆசான் வேறு யாருமல்லர். பழந்துணி லியாங் எனப்பட்ட லியாங் ஜென்பூவே. லியாங்கின் ஆசான் தோங். கற்களைத் தோண்டி எடுத்து, ஆசானின் எச்சங்களோடு பெய்ஜிங்கின் மேற்கே வான்ஆன் இடுகாட்டில் மீண்டும் நிறுவினார்கள். அவர் மறைந்து ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகியிருந்தது. பெற்ற பிள்ளை இல்லாதவருக்குப் பேரப்பிள்ளை வந்து இரண்டாம் முறை கல் நாட்டினார்.

மாணவ நண்பர்களே, தோங் ஒரு நூலும் எழுதவில்லை, பள்ளிக்கூடம் கட்டவில்லை, சொத்து வைக்கவில்லை. பிறர் வீட்டில் ஏவல் செய்து வாழ்ந்தவர். தம்மிடம் இருந்த ஒன்றை, வந்தவரின் உடலும் தொழிலும் அறிந்து, அவரவர்க்குப் பொருந்துமாறு கொடுத்தார். கொடுக்கப்பட்டவர்கள் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டு, தம் வகையில் பிறர்க்குக் கொடுத்தார்கள். அதனால்தான் கல் மண்ணுக்குள் கிடந்த காலத்திலும் நடை நிற்கவில்லை. இன்று சீனத்திலும் வேறு பல நாடுகளிலும் விடியற்காலைப் பூங்காக்களில், ஒரு மரத்தை மையமாகக் கொண்டு யாரேனும் வட்டமிட்டு நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் பாதம் பட்டுப் பட்டு அந்த மரத்தைச் சுற்றிப் புல் முளைப்பதில்லை.